ராஸ்ப்பெர்ரி பையில் ஓப்பன் டபிள்யூஆர்டி: வீட்டு நெட்டை நிறுத்தாமல் சொந்த ரவுட்டர் அமைப்பது எப்படி?

ஃபைபர் இணைப்பு கொடுக்க வருகிறவர் சுவரில் ஒரு பெட்டியை மாட்டி, வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். அதோடு நமக்கும் அந்தப் பெட்டிக்கும் உள்ள பேச்சுவார்த்தை முடிந்துவிடும். உள்ளே என்ன மென்பொருள் ஓடுகிறது, அதைக் கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், வெளியிலிருந்து யார் யாரால் உள்ளே நுழைய முடியும் என்று எதுவும் தெரியாது. வீட்டில் எல்லோருடைய வங்கி வேலையும் பிள்ளைகளின் பாடமும் அம்மாவின் வீடியோ கால்களும் அதன் வழியாகத்தான் போய் வருகின்றன.

அந்தப் பெட்டியின் வேலையை நம் கைக்குக் கொண்டுவர முடியும். மேசை இழுப்பறையில் சும்மா கிடக்கும் ராஸ்ப்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினியும், ரவுட்டரை இயக்கும் ஓப்பன் டபிள்யூஆர்டி என்ற இலவச லினக்ஸ் மென்பொருளும் போதும். பழைய பெட்டியை முதல் நாளே கழற்றிவிடாமல், அதன் பின்னால் புதியதை வைத்து, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு மாறுவதுதான் நான் சொல்லப்போகும் வழி. வீட்டில் நெட் போனால் முதலில் கெடுவது குடும்பத்தின் பொறுமை. அது கெட்டால் இந்த வேலையை யாரும் தொடரவிட மாட்டார்கள்.

ஓப்பன் டபிள்யூஆர்டி எங்கிருந்து வந்தது

லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்று நீலமும் கறுப்புமாக ஒரு ரவுட்டர் 2002 கடைசியில் சந்தைக்கு வந்தது. அதற்குள் ஓடுவது லினக்ஸ் என்பது அடுத்த ஆண்டு வெளியே தெரிந்தது. லினக்ஸின் ஜிபிஎல் உரிமத்தின்படி மூலநிரலைத் தந்தாக வேண்டும், தந்தார்கள். அந்த மூலநிரலை அடித்தளமாக வைத்து 2004இல் தொடங்கியதுதான் ஓப்பன் டபிள்யூஆர்டி. பெயரின் கடைசி மூன்று எழுத்துகளும் அந்த ரவுட்டரிலிருந்து வந்தவையே. இடையில் 2016இல் உருவாக்குநர்களில் ஒரு பகுதியினர் பிரிந்து போய் லீடி என்ற பெயரில் வேலை செய்தார்கள். 2018 தொடக்கத்தில் இரண்டும் மறுபடி ஒன்றாகிவிட்டன. இன்று நூற்றுக்கணக்கான ரவுட்டர் மாடல்களிலும் ராஸ்ப்பெர்ரி பை போன்ற சின்னக் கணினிகளிலும் இது ஓடுகிறது.

வாங்குவதற்கு முன்

எல்லோருக்கும் இது தேவைப்படாது. வீட்டில் மூன்று பேர், நான்கு போன், 50 எம்பிபிஎஸ் இணைப்பு என்றால், ஓப்பன் டபிள்யூஆர்டி ஏற்றக்கூடிய ஒரு சாதாரண வைஃபை ரவுட்டரே போதும். அதன் ஃபிளாஷ் (மென்பொருளைச் சேமிக்கும் இடம்) 16 எம்பி, நினைவகம் 128 எம்பி ஆகியவற்றுக்குக் குறையக் கூடாது. பழைய பொருள் விற்கும் கடைகளில் 4 எம்பி ஃபிளாஷும் 32 எம்பி நினைவகமும் உள்ள ரவுட்டர்கள் மலிவாகக் கிடைக்கும். விலையைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். புதிய பதிப்புகள் அவற்றில் ஏறாது.

சின்னக் கணினி எப்போது பிரயோசனம்? அது ஏற்கெனவே கையில் இருக்கும்போது. இணைப்பின் வேகம் அதிகமாக இருந்து, நெரிசல் கட்டுப்பாடும் தேவைப்படும்போது. வெளியூரிலிருந்து வயர்கார்டு என்ற பாதுகாப்பான விபிஎன் வழியாக வீட்டு நெட்வொர்க்குக்குள் வர வேண்டும் என்னும்போது. இந்த வேலைகளுக்குச் செயலி பலம் வேண்டும். பை 4இல் 1.5 கிகாஹெர்ட்சில் ஓடும் நான்கு கோர்கள் இருக்கின்றன. நினைவகம் 1 ஜிபியே தாராளம், 8 ஜிபி மாடலை இதற்கென்று வாங்குவது காசுக்குக் கேடு.

பை 4க்கு ஒரு குறை உண்டு: ஈதர்நெட் போர்ட் ஒன்றுதான். ரவுட்டருக்குக் குறைந்தது இரண்டு வேண்டும். ஒன்று வெளியே இணையத்தைப் பார்த்திருக்கும், மற்றொன்று உள்ளே வீட்டைப் பார்த்திருக்கும். அதனால் ஒரு யுஎஸ்பி 3.0 கிகாபிட் ஈதர்நெட் அடாப்டர் வாங்குங்கள். வாங்கும்போது அதற்குள் இருக்கும் சிப்பின் பெயரைக் கேளுங்கள். ரியல்டெக் ஆர்டிஎல்8153 அல்லது ஏசிக்ஸ் ஏஎக்ஸ்88179 என்றால் கவலையில்லை, இரண்டுக்கும் நல்ல டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) இருக்கிறது. அடாப்டரைப் பையின் நீல நிற யுஎஸ்பி போர்ட்டில் செருக வேண்டும். கறுப்பு நிறத்தவை யுஎஸ்பி 2.0, அதில் செருகினால் கிகாபிட் வேகத்தில் பாதிகூடத் தேறாது. பை 3பி பிளஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே சிக்கல்தான். அதன் சொந்த ஈதர்நெட்டே யுஎஸ்பி 2.0 வழியாக ஓடுவதால் 300 எம்பிபிஎஸ் அளவில் நின்றுவிடும்.

புதிதாகத்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு போர்ட்டோடு வரும் நானோபை ஆர்4எஸ் போன்ற பலகைகளைப் பாருங்கள். அடாப்டர் தொல்லையே இல்லை. இந்தத் திட்டத்தின் சொந்த வன்பொருளாக ஓப்பன் டபிள்யூஆர்டி ஒன் என்ற ரவுட்டரும் 2024 கடைசியில் வெளிவந்தது. பனானா பை தயாரித்தது, வைஃபையும் உள்ளேயே இருக்கிறது. இந்தக் கட்டுரையில் பை 4ஐயே எடுத்துக்கொள்கிறேன், பலர் வீட்டில் அதுதான் இருக்கிறது.

மீதிப் பொருட்கள்: 5 வோல்ட் 3 ஆம்பியர் மின் அடாப்டர், நல்ல கம்பெனி மைக்ரோ எஸ்டி கார்டு இரண்டு (8 ஜிபி போதும், இரண்டு எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்), மூன்று ஈதர்நெட் கேபிள், வைஃபைக்கு ஒரு பழைய ரவுட்டர் (சுவரில் இருக்கும் பெட்டி அல்ல, வேறொன்று). பையிலேயே வைஃபை இருக்கிறதே என்று கேட்பீர்கள். அந்தச் சின்ன ஆன்டெனா ஒரு அறையைத் தாண்டினாலே சோர்ந்துவிடும். வீடு முழுக்க வைஃபை கொடுக்கும் வேலையை அதன் தலையில் கட்டாதீர்கள்.

கார்டு தயார் செய்வது

புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் முதல் இடம் இது. ஈதர்நெட் அடாப்டருக்கு டிரைவர் வேண்டும், டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையம் வர அடாப்டர் வேலை செய்ய வேண்டும். இந்தச் சுற்றிலிருந்து வெளியே வர நல்ல வழி இருக்கிறது. ஓப்பன் டபிள்யூஆர்டி தளத்தின் ஃபர்ம்வேர் செலக்டர் பக்கத்துக்குப் போய், ராஸ்ப்பெர்ரி பை 4பி என்று தேடித் தேர்ந்தெடுங்கள். பதிப்புப் பட்டியலில் நிலையான பதிப்புகளில் புதியது எதுவோ அதை வையுங்கள். ஸ்னாப்ஷாட் என்று இருப்பதைத் தொடாதீர்கள். அது தினமும் மாறும் சோதனைப் பதிப்பு, அமைப்புகளை மாற்ற உதவும் லூசி என்னும் வலைப் பக்கம்கூடப் பெரும்பாலும் அதில் இருக்காது.

அப்புறம், பேக்கேஜ்களை மாற்றிக்கொள்ளும் 'கஸ்டமைஸ்' பகுதியைத் திறந்தால் ஒரு பெட்டியில் பேக்கேஜ் பெயர்கள் வரிசையாக இருக்கும். அதில் கேமாட்-யுஎஸ்பி-நெட்-ஆர்டிஎல்8152 (kmod-usb-net-rtl8152) இருக்கிறதா பாருங்கள். 8153 சிப்புக்கும் இந்த 8152 டிரைவர்தான். இல்லையென்றால் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு ஆங்கில எழுத்தில் சேருங்கள். ஏசிக்ஸ் சிப் என்றால் கேமாட்-யுஎஸ்பி-நெட்-ஏசிக்ஸ்-ஏஎக்ஸ்88179 (kmod-usb-net-asix-ax88179). கூடவே லூசி-ஆப்-எஸ்க்யூஎம் (luci-app-sqm) என்பதையும் போட்டுவிடுங்கள், பிறகு நெரிசல் கட்டுப்பாட்டுக்கு உதவும். பில்டு பொத்தானை அழுத்தியதும் உங்களுக்கென்றே ஒரு ஃபைலை அவர்களுடைய சர்வர் கட்டித் தரும். சில நிமிடம் ஆகலாம்.

இறக்க வேண்டியது 'ஃபேக்டரி' வகை, அதிலும் ஸ்குவாஷ்எஃப்எஸ். ஈஎக்ஸ்டி4 என்றும் ஒன்று இருக்கும், வேண்டாம். ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸில் மூல அமைப்பு எழுத முடியாததாக அடியில் இருக்கும். நீங்கள் செய்யும் மாற்றமெல்லாம் அதன் மேல் ஓர் அடுக்காகப் படியும். எதையாவது கெடுத்துக்கொண்டால் மேலடுக்கை மட்டும் துடைத்துவிட்டு முதல் நாள் நிலைக்குத் திரும்பலாம்.

இறக்கிய ஃபைலை பலேனா எட்சர் அல்லது ராஸ்ப்பெர்ரி பை இமேஜர் கொண்டு கார்டில் எழுதுங்கள். எழுதி முடித்ததும் விண்டோஸ் ஒரு பெட்டியை நீட்டி, இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும் என்று சொல்லும். கார்டில் உள்ள லினக்ஸ் பகுதியை அதற்குப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான். 'கேன்சல்' அழுத்திவிட்டுக் கார்டை எடுங்கள். இதற்குச் சம்மதித்துவிட்டு 'பை பூட் ஆகவில்லை' என்று மணிக்கணக்கில் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதல் நுழைவு

கார்டைப் பையில் செருகுங்கள். பையின் சொந்த ஈதர்நெட் போர்ட்டிலிருந்து மடிக்கணினிக்கு ஒரு கேபிள், பைக்கு மின்சாரம். வேறு எதையும் இப்போது இணைக்க வேண்டாம். மடிக்கணினியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் முகவரி அடித்துத் திறப்பது பழைய பெட்டியின் பக்கமாக இருக்கலாம்.

ஒரு நிமிடம் பொறுத்து, உலாவியில் 192.168.1.1 என்று அடியுங்கள். லூசி பக்கம் வரும். பயனர் பெயர் ரூட், கடவுச்சொல் காலி. நுழைந்ததும் மேலே மஞ்சள் பட்டையில் கடவுச்சொல் வைக்கச் சொல்லிக் கேட்கும். அதை முதலில் செய்யுங்கள். நீளமாக வைத்து, ஒரு தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, அடுத்தது முகவரியை மாற்றுவது. வீட்டில் இருக்கும் பழைய பெட்டியும் 192.168.1.1 என்ற எண்ணையே வைத்திருக்க வாய்ப்பு அதிகம். பையின் வெளிப்பக்கமும் உள்பக்கமும் ஒரே எண் வரிசையில் இருந்தால், எந்தத் தரவுப் பொட்டலத்தை எந்தப் பக்கம் அனுப்புவது என்று அதற்குப் புரியாது. இரண்டு தெருவுக்கு ஒரே பெயர் வைத்தால் தபால்காரர் படும் பாடுதான். அதனால் நெட்வொர்க் மெனுவில் இன்டர்ஃபேசஸ் போய், லேன் (வீட்டுப் பக்க நெட்வொர்க்) என்பதை எடிட் செய்து, முகவரியை 192.168.10.1 ஆக்குங்கள். சேவ் செய்த பிறகு கீழே 'சேவ் அண்ட் அப்ளை' அழுத்த வேண்டும்.

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். அப்ளை அழுத்தியதும் 90 வினாடிக் கவுன்ட்டவுன் ஒன்று தொடங்கும். அந்த நேரத்துக்குள் உங்கள் உலாவி பையை மறுபடி தொடர்புகொள்ள முடியாவிட்டால், நீங்கள் உங்களையே வெளியே பூட்டிக்கொண்டதாக நினைத்து, பழைய அமைப்புக்கே அது திரும்பிவிடும். முகவரியை மாற்றும்போது இதுதான் நடக்கும், ஏனென்றால் உங்கள் மடிக்கணினி இன்னும் பழைய எண் வரிசையில் இருக்கிறது. எனக்கு முதல் முறை இது மூன்று தடவை திரும்பித் திரும்பி நடந்தது. கடைசியில் கவுன்ட்டவுன் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஈதர்நெட் கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகினேன். மடிக்கணினி புதிய முகவரி வாங்கிக்கொண்டது, 192.168.10.1ஐத் திறந்து உள்ளே நுழைந்தேன், மாற்றம் நிலைத்துவிட்டது. அவ்வளவு அவசரம் வேண்டாம் என்றால், சேவ் அண்ட் அப்ளை பொத்தானின் ஓரத்தில் உள்ள அம்புக்குறியைத் தட்டினால் 'அப்ளை அன்செக்டு' என்று ஒன்று இருக்கும். திரும்பிப் போகாமல் அப்படியே மாற்றிவிடும். மாற்றும் எண்ணை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு அதைப் பயன்படுத்துங்கள்.

வெளிப்பக்கம்

இப்போது யுஎஸ்பி அடாப்டரை நீல போர்ட்டில் செருகி, அதிலிருந்து பழைய பெட்டியின் லேன் போர்ட் ஒன்றுக்குக் கேபிள் கொடுங்கள். டிரைவர் சரியாக இருந்தால் நெட்வொர்க், இன்டர்ஃபேசஸ், டிவைசஸ் பக்கத்தில் ஈடிஹெச்1 என்று ஒரு புதிய பெயர் தெரியும். பையின் சொந்த போர்ட் ஈடிஹெச்0.

'ஆட் நியூ இன்டர்ஃபேஸ்' அழுத்துங்கள். பெயர் வான் (வெளிப்பக்க இணைப்பு; ஆங்கிலத்தில் wan என்று மூன்று சிறிய எழுத்துகள்), புரோட்டோகால் டிஹெச்சிபி கிளையன்ட் (முகவரியைத் தானாக வாங்கிக்கொள்ளும் முறை), டிவைஸ் ஈடிஹெச்1. அடுத்து வரும் பெட்டியில் ஃபயர்வால் செட்டிங்ஸ் என்ற தாவலைத் திறந்து, சிவப்பு நிறத்தில் இருக்கும் வான் மண்டலத்தைத் தேர்ந்தெடுங்கள். இந்த ஒரு சொடுக்கை மறந்துவிட்டால் பை முகவரி வாங்கிக்கொள்ளும், பையிலிருந்து இணையமும் வரும், ஆனால் மடிக்கணினிக்கு ஒன்றும் வராது. தவறிப்போய்ப் பச்சை நிற லேன் மண்டலத்தைத் தேர்ந்தெடுத்தால் அது இன்னும் கெடுதல். வெளியுலகத்தை வீட்டு ஆளாகவே நடத்த ஆரம்பித்துவிடும். சிவப்பு மண்டலத்தில் வெளியிலிருந்து தானாக வரும் இணைப்புகள் நிறுத்தப்படும். அதைத் தளர்த்த வேண்டிய தேவை ஒரு வீட்டுக்குப் பெரும்பாலும் வராது. லூசி பக்கத்தை வெளியிலிருந்து திறக்கும்படி ஒருபோதும் வைக்காதீர்கள்.

சோதிக்க, நெட்வொர்க் மெனுவில் டயக்னாஸ்டிக்ஸ் இருக்கிறது. முதலில் 8.8.8.8க்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) செய்யுங்கள், பிறகு ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்கு. எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வரவில்லை என்றால் கோளாறு பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்ஸில். எண்ணுக்கே வரவில்லை என்றால் கேபிளையும் வான் இன்டர்ஃபேஸ் முகவரி வாங்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பழைய ரவுட்டரை வைஃபைக்கு மட்டும் வைப்பது

இந்தப் படியில் நான் ஒரு முழு மாலையை இழந்திருக்கிறேன். பழைய ரவுட்டரைப் பையின் லேன் போர்ட்டோடு இணைத்தேன், வைஃபை வந்தது. ஆனால் வீட்டில் பாதிப் போன்களில் நெட் இருக்கிறது, பாதியில் 'இணைப்பு உண்டு, இணையம் இல்லை'. என் மடிக்கணினியில் எல்லாம் நன்றாக ஓடியதால் பையில் குறையே இல்லை என்று நினைத்து ஒவ்வொரு போனாகத் துருவிக்கொண்டிருந்தேன். கடைசியில் வேலை செய்யாத ஒரு போனின் ஐபி முகவரியைப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: 192.168.0 என்று தொடங்கியது. பையோ 192.168.10 வரிசையில் கொடுக்கிறது. பழைய ரவுட்டரில் டிஹெச்சிபியை அணைக்காமல் விட்டிருந்தேன். ஒரே வீட்டில் இரண்டு பேர் முகவரி விநியோகம் செய்ய, யார் முந்தினாரோ அவர் பக்கம் ஒவ்வொரு போனும் போய்விட்டது.

ஆகவே வரிசை இதுதான். பழைய ரவுட்டரைத் தனியாக மடிக்கணினியோடு இணைத்து, அதன் முகவரியை 192.168.10.2 ஆக்குங்கள். அதன் டிஹெச்சிபி சர்வரை அணையுங்கள். வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் வீட்டில் ஏற்கெனவே இருப்பதிலிருந்து மாற்றி வையுங்கள். பிறகு பையின் ஈதர்நெட் போர்ட்டிலிருந்து அந்த ரவுட்டரின் லேன் போர்ட் ஒன்றுக்குக் கேபிள். அதன் வான் போர்ட் காலியாகவே இருக்கட்டும். ரவுட்டரில் 'ஆக்சஸ் பாயின்ட் மோட்' என்று நேரடியாகவே இருந்தால் இதெல்லாம் ஒரு சொடுக்கில் முடிந்துவிடும். சில மாடல்களில் அப்போது வான் போர்ட்டிலேயே கேபிள் செருகச் சொல்வார்கள்.

இப்போது வீட்டில் இரண்டு வைஃபை: பழைய பெட்டியினுடையது ஒன்று, பையின் பின்னால் இருப்பது ஒன்று. ஒரு வாரம் நீங்கள் மட்டும் புதியதில் இருங்கள். மற்றவர்களுக்கு எந்த மாற்றமும் தெரியாது. முகவரி மாற்றம் இரண்டு பெட்டிகளில் நடக்கும் இந்த ஏற்பாட்டை இரட்டை நாட் என்று சொல்லிச் சிலர் பயமுறுத்துவார்கள். உலாவவும் வீடியோ பார்க்கவும் வீடியோ காலில் பேசவும் அது தடையில்லை. சில ஆன்லைன் விளையாட்டுகளிலும் வெளியிலிருந்து வீட்டுக்குள் வரும் இணைப்புகளிலும்தான் இடிக்கும்.

எஸ்க்யூஎம்: இதற்காகவே செய்யலாம்

வீட்டில் ஒருவர் பெரிய ஃபைலை மேலே ஏற்றும்போது இன்னொருவரின் வீடியோ கால் உடைந்து உடைந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். வேகம் போதாததால் என்று நினைத்துப் பெரிய பிளானுக்கு மாறுவோம், அப்போதும் அதே கதை நடக்கும். பெட்டிக்குள் பொட்டலங்கள் நீண்ட வரிசையில் தேங்கி நிற்பதுதான் பெரும்பாலும் காரணம். குரலைச் சுமந்த சின்னப் பொட்டலம் ஃபைலின் ஆயிரம் பொட்டலங்களுக்குப் பின்னால் காத்துக்கிடக்கிறது. எஸ்க்யூஎம் அந்த வரிசையைப் பைக்குள் கொண்டுவந்து, எல்லோருக்கும் முறை வைத்து அனுப்புகிறது. இதில் உள்ள கேக் என்ற முறை 2018இல் லினக்ஸ் கெர்னலிலேயே சேர்ந்தது.

முதலில் கேபிளில் இணைத்த மடிக்கணினியில், வீட்டில் யாரும் பயன்படுத்தாத நேரம் பார்த்து, வேகத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு லூசியில் நெட்வொர்க், எஸ்க்யூஎம் க்யூஓஎஸ் பக்கம். இன்டர்ஃபேஸ் ஈடிஹெச்1. இறக்க வேகமும் ஏற்ற வேகமும் கிலோபிட் கணக்கில் கேட்கும். அளந்ததில் 90 சதவீதம் போடுங்கள்: 94 எம்பிபிஎஸ் வந்திருந்தால் 85000. அடுத்த தாவலில் கேக், அதில் 'பீஸ் ஆஃப் கேக்' என்ற ஸ்கிரிப்ட். லிங்க் லேயர் தாவலில் ஈதர்நெட், ஓவர்ஹெட் 44. எனேபிள் செய்து சேவ் அண்ட் அப்ளை.

பலனைக் கண்ணால் பார்க்க, பிங் ஓடவிட்டுக்கொண்டே பெரிய வீடியோ ஒன்றைக் கிளவுடில் ஏற்றுங்கள். எஸ்க்யூஎம் இல்லாதபோது 20 மில்லிசெகண்டாக இருந்த எண் 200, 300 என்று ஏறுகிற இணைப்பில், இப்போது அது கொஞ்சமே அசையும். வேகத்தில் 10 சதவீதம் விட்டுக்கொடுக்கிறோமே என்று மனசு கேட்காமல் 100 சதவீதம் போட்டுவிடாதீர்கள். அப்போது வரிசை மறுபடி பழைய பெட்டிக்குள்ளேயே போய்த் தேங்கும். 300 எம்பிபிஎஸ் வரை பை 4 இதைச் சிரமமின்றிச் செய்யும்.

முழுதாக மாறும் நாள்

வாரம் நல்லபடியாகப் போனால், பழைய பெட்டியை 'பிரிட்ஜ் மோட்'டுக்கு மாற்றித் தரும்படி இணைப்பு கொடுத்தவரிடம் கேளுங்கள். அதன் பிறகு அது ஒளியை ஈதர்நெட்டாக மாற்றித் தருவதோடு நின்றுவிடும். கேட்பதற்கு முன்பே மூன்று விவரங்களைக் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்: பிபிபிஓஇ (பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் முறை) பயனர் பெயர், கடவுச்சொல், விலான் எண் (ஒரே கேபிளில் இணைப்புகளைப் பிரிக்கும் எண்) ஏதாவது உண்டா என்பது. விலான் எண் 100 என்றால் டிவைஸ் இடத்தில் ஈடிஹெச்1.100 என்று எழுத வேண்டும். வான் இன்டர்ஃபேஸின் புரோட்டோகாலை பிபிபிஓஇ ஆக்கி, பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் வேலை முடிந்தது. எஸ்க்யூஎம்மில் இன்டர்ஃபேஸை பிபிபிஓஇ-வான் என்று மாற்ற மறக்காதீர்கள். சில நிறுவனங்கள் பழைய கருவியின் மேக் முகவரியை (நெட்வொர்க் கருவியின் அடையாள எண்) பதிந்துவைத்திருக்கும். அப்படியானால் அந்த முகவரியையே ஈடிஹெச்1க்குக் கொடுத்துவிடலாம்; டிவைசஸ் பக்கத்தில் அதற்கு இடம் இருக்கிறது.

ஃபைபர் வழியாகவே தரைவழித் தொலைபேசியும் வருகிற வீடுகளில் பிரிட்ஜ் மோட் கேட்பதற்கு முன் அது பாதிக்குமா என்று விசாரித்துவிடுங்கள். பாதிக்கும் என்றால் இரட்டை நாட்டோடே இருந்துவிடுங்கள், ஒன்றும் குறையில்லை.

மின்வெட்டுக்கும் ஏற்பாடு வேண்டும். ரவுட்டருக்கென்று விற்கும் மினி யுபிஎஸ்களில் பல 12 வோல்ட் மட்டும் தருபவை. பைக்கு யுஎஸ்பி-சி வழியாக 5 வோல்ட் வேண்டும், அதுவும் 3 ஆம்பியர் நிலையாக. இரண்டும் தரும் யுபிஎஸ்ஸாகப் பார்த்து வாங்கி, ஃபைபர் பெட்டி, பை, வைஃபை ரவுட்டர் மூன்றையும் அதில் தாங்குமா என்று கணக்குப் போடுங்கள். பை சும்மா இருக்கும்போது 3 வாட் அளவுதான் இழுக்கும்.

கடைசியாக அந்த இரண்டாவது கார்டு. எல்லாம் சரியாக ஓடும் ஒரு நாளில் சிஸ்டம் மெனுவில் பேக்கப் பக்கத்துக்குப் போய் 'ஜெனரேட் ஆர்க்கைவ்' அழுத்தினால் உங்கள் அமைப்புகள் ஒரு சின்ன ஃபைலாக இறங்கும். முன்பு கட்டிய அதே இமேஜை இரண்டாவது கார்டில் எழுதி, பையில் போட்டு, அந்த ஃபைலை 'ரெஸ்டோர்' செய்து, நெட் வருகிறதா என்று பார்த்துவிட்டு எடுத்துவையுங்கள். சாதாரண ரவுட்டரில் ஃபர்ம்வேர் கெட்டால் திறந்து சாலிடர் செய்யும் வரை போக வேண்டியிருக்கும். இங்கே கார்டை மாற்றி மின்சாரம் கொடுத்தால் போதும். புதிய பதிப்பு வந்தாலும் முதலில் இரண்டாவது கார்டில் ஏற்றிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அந்தக் கார்டு ஒரு சின்ன உறையில் பையின் பெட்டியோடு ஒட்டப்பட்டிருக்கிறது. உறையின் மேல் அம்மாவுக்குப் புரியும்படி எழுதியிருக்கிறேன்: 'நெட் வராவிட்டால் ஸ்விட்சை அணைத்து, உள்ளே இருக்கும் கார்டை எடுத்துவிட்டு இதைச் செருகவும். எழுத்து உள்ள பக்கம் கீழே.'